டோக்கியோவில் சனி, ஞாயிறு: கார் இல்லாமல், இரண்டு குழந்தைகளோடு

8 ஜூன் 2024 – வாசகி ஒருவர் கேட்டது

அக்கா, அவருக்கு டோக்கியோவில் வேலை மாற்றம். ஆகஸ்ட் கடைசியில், டோக்கியோவின் கிழக்கே உள்ள நிஷி-கசாய் வருகிறோம். பெண்ணுக்கு 5 வயது, பையனுக்கு இரண்டரை. கார் வாங்கப் போவதில்லை. சுத்த சைவம். அங்கே இருந்துவிட்டுத் திரும்பிய உறவினர் ஒருவர், "டிஸ்னிலேண்டை விட்டா பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல, எங்க போனாலும் காசு தண்ணியாப் போகும், மத்த வாரமெல்லாம் நாலு சுவத்துக்குள்ளதான்" என்கிறார். அப்படியா?

8 ஜூன், இரவு

இல்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டிஸ்னிலேண்டில் பெரியவருக்கு ஒரு நாள் சீட்டு 7,900 யென்னிலிருந்து 10,900 வரை, எந்த நாள் என்பதைப் பொறுத்து. 4 முதல் 11 வயது வரை 4,700 முதல் 5,600. மூன்று வயது வரை இலவசம். ஆக உங்கள் குடும்பத்துக்குக் குறைந்தது 20,500 யென், சாப்பாடு தனி. வருஷத்துக்கு ஒரு தடவை தாராளமாகப் போங்கள், குழந்தைகளுக்கு அது பெரிய சந்தோஷம்.

அதே கெய்யோ ரயிலில் டிஸ்னிக்கு ஒரு நிலையம் முன்னால் இறங்கினால் கசாய் ரின்காய் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே மீன்காட்சிசாலை இருக்கிறது, 1989இல் திறந்தது. பெரியவருக்கு 700 யென், ஆரம்பப் பள்ளி வரை குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 1,400. சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடும் தொட்டி ஒன்று அங்கே உண்டு. என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். புதன்கிழமை விடுமுறை. திறந்த நாளான அக்டோபர் 10 அன்று எல்லாருக்கும் இலவசம்.

கடலைப் பார்த்தபடி புல்வெளி, 117 மீட்டர் ராட்டினம், மணல் திட்டு. எங்களுக்குக் காலை முழுக்க அங்கேயே போய்விடும்.

9 ஜூன்

நேற்று இரவு அவசரத்தில் முக்கியமானதை எழுதாமல் படுத்துவிட்டேன். கியோசென் பூங்கா. நிஷி-கசாய் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. அதற்குள் எதோகாவா வார்டு (நிஷி-கசாய் அடங்கிய நகர்ப் பிரிவு) நடத்தும் சின்ன மிருகக்காட்சிசாலை. காசே இல்லை. சிவப்புப் பாண்டா, பென்குயின், எறும்புதின்னி. குழந்தைகள் கினிப் பன்றியை மடியில் வைத்துத் தடவிக் கொடுக்க ஓர் இடம், ஆடுகளோடு நிற்க ஓர் இடம். திங்கள் விடுமுறை.

இந்த ஊரில் எங்கள் பிள்ளைகளை வளர்த்தது பாதி அந்த இடம்தான். பிறகு எழுதுகிறேன்.

9 ஜூன், இன்னொன்று

சைக்கிள். வீட்டுச் சாமான் வாங்கும்போதே இதையும் வாங்கிவிடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு குழந்தை இருக்கை வைத்த மின்சார சைக்கிள். ஒன்றரை லட்சம் யென்னை ஒட்டி வரும், விலையைக் கேட்டால் மனசு பதறும். ஆனால் இங்கே கார் செய்யும் வேலையை அதுதான் செய்கிறது. இரண்டு குழந்தைகளை ஏற்றுவதானால் அதற்கென்று அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும், சாதாரண சைக்கிளில் கூடாது. பழசு வாங்கினால் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எதோகாவா தட்டையான நிலம், மேடே இல்லை. பாலம் ஏறும்போதுதான் மின்சாரத்தின் அருமை தெரியும். 2023 ஏப்ரல் முதல் பெரியவர்களும் தலைக்கவசம் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அபராதம் இல்லை, ஆனாலும் போடுங்கள்.

ரயிலில் பள்ளி சேராத குழந்தைக்குக் கட்டணம் இல்லை, பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தை வரை. தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். 2014இல் அரசே அதற்கு ஒரு குறியீடு கொண்டுவந்தது. நெரிசலில் யாராவது முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

16 ஜூன்

மழைக்காலம் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அடுத்த நிலையமான கசாயில், ரயில் பாலத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம். பெரியவருக்கு 220, குழந்தைக்கு 100 யென். 1927இல் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையே ஓடிய மஞ்சள் பெட்டி அங்கே நிற்கிறது. ரயில் ஓட்டிப் பார்க்கும் பொறிகளுக்கு வரிசை நீளும், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வார்டின் குழந்தைகள் நிலையங்களும் இலவசம்.

சுமிதா வார்டில் ஹோன்ஜோ போசாய்கான் என்று தீயணைப்புத் துறையின் பயிற்சிக் கூடம் உண்டு. நிலநடுக்க மேடை, புகை நிறைந்த வழி, தீயணைப்புக் கருவி. புயல் காற்றும் மழையும் எப்படி இருக்கும் என்று ரெயின்கோட் போட்டு நிற்க வைக்கிறார்கள். இலவசம்தான், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். என் மகள் புகை வழியில் குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டு, எனக்கு முன்னால் வெளியே வந்துவிட்டாள். இந்த ஊரில் வளரும் குழந்தைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

23 ஜூன்

சாப்பாடு. கேள்விகள் குவிந்துவிட்டன, நீளமாகவே எழுதுகிறேன்.

வெளியே சாப்பிடுவதில் சைவர்களுக்குச் சிக்கல் இறைச்சியால் வருவதைவிட தாஷியால் அதிகம் வருகிறது. காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறு. கீரையை வேக வைத்து மேலே ஊற்றுவார்கள், உதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பு அதில்தான், முட்டைப் பொரியலில்கூடக் கலப்பார்கள். பரிமாறுகிறவரிடம் "இறைச்சி இல்லையா?" என்று கேட்டால் இல்லை என்பார், அவர் சொல்வது உண்மையும்கூட. மீன் சாறு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்க ஒவ்வாமைப் பட்டியல் பாதி உதவும். 2024இல் கட்டாயம் போட வேண்டியிருந்தவை எட்டு: இறால், நண்டு, அக்ரூட் (வால்நட்), கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), முட்டை, பால், வேர்க்கடலை. இவை போக, முடிந்தால் போடுங்கள் என்று அரசு கேட்டுக்கொள்ளும் பட்டியலில் மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் வரும். சூரை மீன் இரண்டிலும் இல்லை. அதனால் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், மேலே உள்ள சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். கைப்பேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துக் கொடுக்கும்.

"உமே ஓனிகிரி சைவம்தானே?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உப்பில் ஊறிய உமே பழம் வைத்த சோற்று உருண்டை அது. எல்லா நேரமும் சைவம் இல்லை. ஊறிய உமேயிலேயே சூரை மீன் சீவல் கலந்த வகை உண்டு. வெறும் உப்புச் சோற்று உருண்டை கிடைத்தால் அதை எடுங்கள், அதையும் ஒரு தடவை படித்துவிட்டு.

நாங்கள் கட்டுச்சோறுதான். எலுமிச்சை சோறு, புளியோதரை, இட்லிக்குப் பொடி தடவி எடுத்துக்கொள்வோம். தயிர்சாதம் எடுத்தால் கோடையில் ஐஸ் பொட்டலத்தோடு மூடிய பையில் வையுங்கள், ஜூலை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். பூங்காவில் எல்லாரும் விரிப்பு விரித்து, செருப்பைக் கழற்றி விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். நமக்கு இது புதிதா என்ன? கோயில் திருவிழாவுக்குப் போன மாதிரி நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் பக்கத்து விரிப்பிலிருந்து ஒரு பாட்டி, சோறு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். மஞ்சள்தூள் என்றதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இங்கே மஞ்சள் கலந்த பானம் சின்னக் குப்பியில் கடைக்குக் கடை விற்கும், குடிக்கப் போகும் ஆண்கள் முன்கூட்டியே வாங்கிக் குடிப்பார்கள். "அதையா குழந்தைக்குக் கொடுக்கிறாய்?" என்றார். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார், அப்புறம் இன்னொரு வாய். பதிலுக்கு உரித்த மாண்டரின் ஆரஞ்சு கொடுத்தார். அவர் வீட்டுக்காரரோடு அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் இன்றும் எங்களிடம் நின்று பேசுவார்.

மற்றவர் குழந்தைக்கு எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள், பிஸ்கட் ஆனாலும். ஒவ்வாமை பயம் இங்கே அதிகம். அம்மாவைக் கேட்டால் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

30 ஜூன்

குப்பைப் பை எடுத்துப் போங்கள். பூங்காக்களில் தொட்டி பெரும்பாலும் இருக்காது. 1995 சாரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் தொட்டிகள் மிகவும் குறைந்துவிட்டன. டயப்பர் உட்பட எல்லாம் நம்மோடு வீடு திரும்பும்.

21 ஜூலை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, வெயிலும்.

ஃபுருகாவா நீரோடைப் பூங்காவைப் பற்றி யாரும் பயண நூலில் எழுதுவதில்லை. ஒரு காலத்தில் சாக்கடையாகிப் போன கால்வாய். மூடிச் சாலை போட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்குப் பதிலாக 1970களின் தொடக்கத்தில் சுத்தம் செய்து குழந்தைகள் இறங்கி விளையாடும் ஓடையாக்கினார்கள். ஜப்பானில் இந்த வகையில் முதல் பூங்கா எதோகாவாவில்தான். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது. பழைய சட்டை, மாற்றுத் துணி, ஒரு வலை, ஒரு வாளி போதும். வீடுகளுக்கு நடுவிலேயே ஓடை போகிறது, பால்கனியில் துணி காயப்போடும் அம்மாக்கள் மேலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனால் விதிகள் அதிகம். தலைக்குத் தொப்பி கட்டாயம். டயப்பர் போடும் குழந்தைக்கு அனுமதி கிடைப்பது அரிது, உங்கள் பையனுக்கு ஓடைதான் சரி. நகை கழற்றச் சொல்வார்கள்: கொலுசு, மெட்டி, வளையல், எல்லாம். தாலிச் சங்கிலி பற்றி ஒருவர் கேட்டார். நான் வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, முழு உடம்பையும் மூடும் நீச்சல் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விசில் ஊதி அத்தனை பேரையும் கரையேற்றி உட்கார வைப்பார்கள். குழந்தைகள் அழுவார்கள். எனக்கு அந்த விசில் பிடிக்கும்.

4 ஆகஸ்ட்

நேற்று எதோகாவா வாணவேடிக்கை. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, ஷினோசாகி ஆற்றங்கரையில். தொடக்கத்தில் ஐந்து வினாடிக்குள் ஆயிரம் வாணம் போகும், மார்பில் இடிக்கும் சத்தம். மகன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நிலையத்தில் கூட்டம் கட்டுக்கடங்காது. சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் திடலுக்குள் போகாமல் ஆற்றின் கீழ்ப்பக்கக் கரையில் தள்ளி உட்காருங்கள். வாணம் அங்கேயும் தெரியும், வீட்டுக்கும் சீக்கிரம் போகலாம்.

10 ஆகஸ்ட்

மியாசாகி பக்கம் 8ஆம் தேதி நிலநடுக்கம் வந்ததிலிருந்து, ஜூனில் முதலில் கேள்வி கேட்ட வாசகி தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். நன்காய் (பசிபிக் கரையை ஒட்டிய கடலடி அகழி) பெருநிலநடுக்க எச்சரிக்கை என்று ஒன்றை அரசு முதல் முறையாக வெளியிட்டிருக்கிறது. ஓபோன் (முன்னோரை நினைக்கும் ஆகஸ்ட் பண்டிகை) விடுமுறைக்கு இசு கடற்கரையில் அறை எடுத்திருந்தோம், அது அந்த எல்லைக்குள் வருகிறது. ரத்து செய்துவிட்டோம். போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது நிச்சயம் வரும் என்ற எச்சரிக்கை இல்லை, வழக்கத்தைவிட வாய்ப்பு கூடியிருக்கிறது என்பதுதான்.

பயப்படாதே என்று சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. எதோகாவாவின் நிலத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வார்டு 2019இல் வீட்டுக்கு வீடு கொடுத்த வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சடித்திருந்தார்கள். அதே அக்டோபரில் பெரும்புயல் வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தவர்களில் நாங்களும் உண்டு. தரையில் பாய், எல்லாருக்கும் தண்ணீர், யாரும் சத்தம் போடவில்லை.

வந்ததும் செய்யுங்கள்: வரைபடம் வாங்கி உங்கள் கட்டிடத்தைப் பாருங்கள். வீடு நான்காவது மாடியோ மேலோ கிடைத்தால் நல்லது. பையில் தண்ணீர், குழந்தை மருந்து, டயப்பர், கொஞ்சம் சில்லறை, பாஸ்போர்ட் நகல். செப்டம்பர் 1 ஒட்டி வார்டுகளில் பயிற்சி நடக்கும், 1923 பெருநிலநடுக்க நினைவு நாள். நிலநடுக்க வண்டியில் ஏறிக் குலுங்குவது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். மாலையில் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும், குழந்தைகள் அதைக் கேட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். பேரிடர் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று அன்றாடம் பார்க்கும் சோதனையும் அதுதான்.

17 ஆகஸ்ட்

எச்சரிக்கை நேற்று முன்தினம் முடிந்தது. நேற்று புயலால் டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே ஷின்கான்சென் அதிவேக ரயில் முழு நாளும் ஓடவில்லை. இசுவை விட்டதில் வருத்தமில்லை. வீட்டில் கூடாரம் கட்டி, அதற்குள் உட்கார்ந்து தோசை.

7 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் வந்து சேர்ந்துவிட்டார். எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை: "அக்கா, நீங்க சொன்ன இடமெல்லாம் போனோம். ஆனா பாப்பா யாரோடயும் பேச முடியாம அழுறா. 'அம்மா, ஊருக்குப் போலாம்'ங்கிறா."

மேலே இடம் இடமாக அடுக்கிவிட்டேன். இப்போது வேறு மாதிரி சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு வாரமும் புது இடம் வேண்டாம். ஓர் இடம், ஒரே நேரம். எங்களுக்கு அது கியோசென் பூங்காவின் கினிப் பன்றி வரிசை, சனிக்கிழமை காலை. மகளுக்கு அப்போது நாலு வயது, ஒரு வார்த்தை ஜப்பானியம் தெரியாது. மடியில் கினிப் பன்றியை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருப்பாள். அடுத்த வாரமும் அப்படித்தான். அதே வரிசையில் இன்னொரு பெண் குழந்தையும் வழக்கமாக வரும். ஒரு நாள் அந்தக் குழந்தை தன் மடியிலிருந்ததை இவளுக்குக் காட்டி ஏதோ சொன்னது, இவள் தன் மடியிலிருந்ததைக் காட்டித் தமிழில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் விலங்குகளைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். இப்போது ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

பெரியவர்களுக்கு இன்னும் நாளாகும். அந்தக் குழந்தையின் அப்பா வெகுகாலம் தலையசைப்போடு சரி. ஒரு குளிர்காலம் என் வீட்டுக்காரருடைய சைக்கிள் சங்கிலி கழன்றபோது அவர் தன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து மாட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வருஷப் பிறப்புக்கு வாழ்த்து அட்டை வருகிறது.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை காலை நாங்கள் அங்கேதான்.

8 செப்டம்பர்

காய்ச்சல் பற்றி: ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் #8000 அழையுங்கள், மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா என்று செவிலியர் அல்லது மருத்துவர் சொல்வார். டோக்கியோ வார்டுகளில் 2023 ஏப்ரல் முதல் 18 வயது வரை காப்பீட்டுக்குள் வரும் மருத்துவச் செலவு இலவசம், வெளிநாட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து. வார்டு அலுவலகத்தில் அட்டை வாங்கியாக வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக்கே போங்கள்.

29 செப்டம்பர்

உவேனோ மிருகக்காட்சிசாலையிலிருந்து ரிரி, ஷின்ஷின் என்ற பாண்டாக்கள் இரண்டும் இன்று சீனாவுக்குப் புறப்பட்டன. 2011இல் வந்தவை. இரட்டைக் குட்டிகள் அவற்றோடு போகவில்லை. "அம்மா அப்பா இல்லாம அதுங்க எப்படி இருக்கும்?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவை வளர்ந்துவிட்டன, பாண்டாக்கள் வளர்ந்தால் தனியாகத்தான் இருக்கும் என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

13 அக்டோபர்

நேற்று மகனின் மழலையர் காப்பகத்தில் விளையாட்டு விழா. விரிப்பு, கட்டுச்சோறு, தாத்தா பாட்டிமார் எல்லாரும். கூடையில் பந்து எறியும் போட்டியில் அப்பாக்கள் குழந்தைகளைவிட மும்முரம். தாத்தா பாட்டி இனத்தில் எங்களுக்கு ஆள் இல்லையே என்று ஒவ்வொரு வருஷமும் தொண்டை அடைக்கும். இந்த முறை மஞ்சள் சோற்றுப் பாட்டி அந்த வழியாக வந்தார், மகன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். ஆசிரியையிடம் கேட்டேன், சரி என்றார். பாட்டி ஓடவில்லை, நடந்தார். கைத்தட்டல் ஓயவில்லை.

4 நவம்பர்

வெந்நீர் ஊற்றுக்குளியல் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்கிறீர்கள். நீச்சல் சட்டை போட முடியாது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பல விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும் தனி அறைக் குளியல் உண்டு, வழக்கமாக முக்கால் மணி நேரம். முன்பதிவில் கேளுங்கள். கூச்சம் இல்லாமல் நாலு பேரும் ஒன்றாக இறங்கலாம். பொதுக் குளியலில் டோக்கியோவில் 2022 ஜனவரி முதல் 7 வயதானால் எதிர்ப்பால் பக்கம் கூட்டிப்போகக் கூடாது, அதற்கு முன் 9 வயது வரை முடிந்தது. உங்கள் பெண் உங்களோடு, பையன் அவரோடு. மூன்று பேருக்கும் பழகிவிடும், நமக்குத்தான் நாளாகும். எனக்குப் பிடித்துப்போனது பனிக்காலத்தில்தான்.

17 நவம்பர்

இரண்டு குடும்பமும் நேற்று தகாவோ மலைக்குப் போய்வந்தோம். ஷின்ஜுகுவிலிருந்து கேயோ ரயில். நம் பக்கத்துக் கெய்யோ வேறு, அது வேறு, புதிதாக வருகிறவர்கள் மாற்றி ஏறிவிடுகிறார்கள். உயரம் 599 மீட்டர்தான். இழுவை ரயிலின் சரிவு 31 டிகிரிக்கு மேல், ஜப்பானிலேயே செங்குத்தானது. பையன்கள் இருவரும் அதில் நின்றபடி பின்னால் சாய்ந்துகொண்டு வந்தார்கள். வழியில் யாகுஓயின் கோயில், 744இல் தொடங்கியது என்பார்கள். நீள மூக்கு தெங்கு (ஜப்பானிய மலைப் பூதம்) சிலைகளுக்கு முன்னால் சின்னவன் வணக்கம் வைத்தான். இலைகள் இன்னும் முழுசாகச் சிவக்கவில்லை. 9 மணிக்குள் அடிவாரம் சேர்ந்துவிடுங்கள், அதற்கு மேல் வரிசைதான்.

பாப்பா வழி முழுக்க என் மகளோடு ஜப்பானியத்தில் வழக்காடிக்கொண்டு வந்தாள். எந்தக் குச்சி யாருடையது என்று.

24 நவம்பர்

மாமியார் டிசம்பரில் வரலாமா என்று கேட்கிறீர்கள். மார்ச் கடைசியில் வரச் சொல்லுங்கள், செர்ரி பூத்திருக்கும், ஷின்காவா கரையில் நடக்கலாம், குளிரும் தணிந்திருக்கும். உறவினர் விசாவில் அதிகம் 90 நாள், அதனால் மே தொடர் விடுமுறையும் கிடைத்துவிடும். டிசம்பர்தான் முடியும் என்றால் காலில் கம்பளி உறை, உதட்டுக்கு நெய், வீட்டில் ஈரக் காற்றுக் கருவி. காற்று வறண்டு தோல் வெடிக்கும். காலையில் கசாய் ரின்காய் கூட்டிப்போங்கள், வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து ஃபுஜி தெரியும். நடக்க முடியாதவர் என்றால் சக்கர நாற்காலிக்கு நிலையத்திலேயே சொல்லுங்கள், ஊழியர் பலகையோடு வந்து ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார். கியோசெனில் மஞ்சள் சோற்றுப் பாட்டியை அறிமுகப்படுத்துகிறேன், இருவருக்கும் ஒரே வயசு இருக்கும்.

சாம்பார் பொடி, அப்பளம் கொண்டுவரச் சொல்ல வேண்டாம், இங்கே கடையில் இருக்கிறது. வடகம் மட்டும் சொல்லுங்கள்.